ஆங்கிலச் சொற்கள்: எழுத்து, ஒலி, வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை, பொருள் தெரியாத சொல்லைக்கூடப் பெரும்பாலும் சரியாகவே வாசித்துவிடும். அதே குழந்தை ஆங்கிலத்துக்கு வந்ததும் தடுமாறுகிறது. ஏன் இப்படி என்று கேட்டால், "ஆங்கிலம் அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தின் விநோதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. பலவற்றுக்கு நூற்றாண்டே சொல்லலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி?

ஒரு காலத்தில் ஆங்கிலமும் ஏறத்தாழ எழுதியபடியே பேசப்பட்டது. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்ற சொல்லை 'நாம' என்பதுபோல், கடைசி எழுத்தும் லேசாகக் கேட்கும்படி சொன்னார்கள். வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' அன்று 'ஹூஸ்'. நிலவு 'மோன்'. கடிப்பதைச் சொல்லும் 'பைட்' அன்று 'பீட'.

சுமார் 1400 முதல் 1700 வரை இங்கிலாந்தில் நெடில் உயிரொலிகள் எல்லாமே இடம் பெயர்ந்தன. வாயின் கீழ்ப்பகுதியில் பிறந்த ஒலிகள் மேலேறின. ஏற்கெனவே உச்சியில் இருந்த 'ஈ'யும் 'ஊ'வும் மேலே போக இடமின்றி 'ஐ', 'அவ்' என இரட்டை ஒலிகளாகப் பிரிந்தன. இதற்கு 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் வைத்த பெயர் அது.

சிக்கல் அச்சு இயந்திரத்தோடு வந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. ஒலியோ தொடர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. எழுத்து நின்றுவிட்டது, நாக்கு நிற்கவில்லை. இன்று நாம் படிப்பது பெரும்பாலும் 500 ஆண்டுகளுக்கு முந்தைய உச்சரிப்பின் பதிவு.

முதல் உயிரெழுத்தை இத்தாலியரும் ஸ்பானியரும் ஜெர்மானியரும் 'ஆ' என்கிறார்கள். ஆங்கிலேயர் மட்டும் 'ஏ' என்கிறார்கள். மற்றவர்கள் 'ஈ' என்பதை ஆங்கிலேயர் 'ஐ' என்கிறார்கள். எழுத்துகளின் பெயர்களையும் அந்தப் பெயர்ச்சி விட்டுவைக்கவில்லை.

வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் தலையில் 'கே' எதற்கு?

அது அலங்காரம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதைச் சொன்னார்கள்: 'க்னிஹ்ட்' என்பதுபோல. முழங்கால், கத்தி, முடிச்சு ஆகியவற்றுக்கான சொற்களிலும் அந்தக் 'க்' ஒலித்தது. முழங்காலை ஜெர்மானியர் இன்றும் 'க்னீ' என்றே சொல்கிறார்கள். சொல்லின் நடுவே வரும் 'ஜி-எச்' ஜோடியும் தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலிக்கான குறி. இரவுக்கு ஜெர்மானியர் சொல்லும் 'நாக்ட்' என்பதில் அதை இன்றும் கேட்கலாம். ஆங்கிலம் அந்த ஒலிகளைக் கைவிட்டது, எழுத்துகளை வைத்துக்கொண்டது.

அப்படியானால் கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள 'பி'யும் ஒரு காலத்தில் ஒலித்ததா?

இல்லை. இது வேறு கதை. ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தபோது அதில் 'பி' கிடையாது; எழுத்தும் ஒலியும் பொருந்தியே இருந்தன. பின்னர் மறுமலர்ச்சிக் காலப் புலமையாளர்களுக்கு லத்தீன் மீது பெரும் பற்று ஏற்பட்டது. மூலம் லத்தீனின் 'டெபிட்டும்' அல்லவா, அது எழுத்தில் தெரிய வேண்டாமா என்று ஒரு 'பி'யைச் செருகினார்கள். ஐயத்தைக் குறிக்கும் 'டௌட்' என்பதிலும் இப்படித்தான் 'பி' நுழைந்தது. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்பதில் நுழைந்தது இன்னொரு 'பி', 'பென்' என்ற சொல்லின் முதலெழுத்து. அதன் உடன்பிறப்பான, ஏமாற்றைக் குறிக்கும் 'டிசீட்' என்பதை ஏனோ விட்டுவிட்டார்கள்.

செருகிய எழுத்துகள் எல்லாம் ஊமையாகவே இருந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. குறையைக் குறிக்கும் 'ஃபால்ட்' முன்பு 'எல்' இல்லாமலே இருந்தது. லத்தீனுக்காக 'எல்' சேர்த்தார்கள். மக்கள் எழுத்தைப் பார்த்து அதை உச்சரிக்கவும் தொடங்கினார்கள். இன்று அது இல்லாமல் சொன்னால்தான் தவறு. எழுத்து ஒலியைப் பின்பற்றும் என்று நினைக்கிறோம். இங்கே ஒலி எழுத்தைப் பின்பற்றியிருக்கிறது.

இந்த வகையில் அப்பட்டமான பிழை, தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'. இது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதில் 'எஸ்' இருந்ததே இல்லை. அதே பொருள்கொண்ட 'ஐல்' என்ற சொல் மட்டும் லத்தீனின் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்று தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டில் 'ஐலண்ட்' நடுவிலும் 'எஸ்' போட்டுவிட்டார்கள். உறவே இல்லாத வீட்டின் குடும்பப்பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது அந்தச் சொல்.

'கர்னல்' என்ற படைப் பதவியில் 'ர்' எங்கிருந்து வந்தது? எழுத்தில் 'எல்'தானே இருக்கிறது?

மூலம் இத்தாலியம், வரிசையாக நிற்கும் படைப்பிரிவைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது. அங்கே 'ல'தான். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கொரொனெல்' என்று மாற்றிச் சொன்னார்கள். ஒரே சொல்லில் இரண்டு 'ல' வந்தால் ஒன்றை 'ர' ஆக்குவது நாக்குக்கு எளிது. அந்த வடிவத்தைத்தான் ஆங்கிலம் 16ஆம் நூற்றாண்டில் வாங்கியது. பிறகு எழுத்தில் 'ல' வடிவம் வென்றது, பேச்சில் 'ர' வடிவம் வென்றது. தமிழ் எழுதும் 'கர்னல்' ஒலியைப் பின்பற்றியது, நல்ல முடிவு.

ஒரே எழுத்துக் கூட்டம் ஆறேழு விதமாக ஒலிக்கிறதே?

'ஓ-யு-ஜி-எச்' என்ற நான்கெழுத்தைச் சொல்கிறீர்கள். 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பவ்', 'தாட்' எல்லாவற்றிலும் அதே நான்கெழுத்து. மேலே சொன்ன தொண்டை உரசொலி சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது. வட்டாரத்துக்கு வட்டாரம் நடந்த வேறுவேறு மாற்றங்களிலிருந்து பொதுமொழி கலந்து எடுத்துக்கொண்டது. இதற்கு விதி தேட வேண்டாம். சொல் சொல்லாகக் கற்பதுதான் வழி.

ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்கிறேன். ஆனாலும் கேட்பவர்களுக்குப் புரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் எழுத்தொலி அல்ல, அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். மற்ற அசைகள் மங்கும். 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பதிவு என்ற பெயர்ச்சொல். இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவுசெய் என்ற வினை. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாகிரஃபி' என்றதும் அது இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. உயிரொலிகளும் உடனே மாறிவிடுகின்றன.

அழுத்தம் விழாத அசைகளில் பெரும்பாலும் ஒலிப்பது 'ஷ்வா' எனப்படும் மங்கலான உயிரொலி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்துகூட இல்லை. 'அபௌட்' என்பதன் தொடக்கத்திலும் 'சோஃபா' என்பதன் முடிவிலும் அது இருக்கிறது.

நமக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. 'காசு', 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு இதழ் முழுதாகக் குவிவதில்லை. ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைகிறது. குற்றியலுகரம் என்று பெயரிட்டு நம் இலக்கணம் அதைக் கவனித்து வைத்திருக்கிறது. அதே நுட்பத்தை ஆங்கிலத்தின் எல்லா உயிர்களுக்கும் விரித்துப் பாருங்கள். பாதித் தடை நீங்கிவிடும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், அதை அழுத்தத்துக்கே செலவிடச் சொல்வேன்.

'ஆஸ்க்' என்பதைச் சிலர் 'ஆக்ஸ்' என்கிறார்களே, அது கொச்சையா?

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களும் இருந்தன. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் இரண்டையுமே எழுதியிருக்கிறார். பின்னர் ஒன்று பொதுமொழி ஆயிற்று. மற்றது சில வட்டாரங்களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் கரீபியப் பேச்சிலும் தொடர்ந்து வாழ்கிறது. அதைப் பேசுவோரைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று எண்ணுவது அநியாயம். தேர்வில் 'ஆஸ்க்' என்று எழுதுங்கள்; அடுத்தவர் பேச்சைக் குறைவாக மதிப்பிடாதீர்கள்.

ஒலிகள் இடம் மாறுவது எந்த மொழியிலும் நடப்பதுதான். 'தசை', 'சதை' ஆகவில்லையா? 'விசிறி'க்குச் 'சிவிறி' என்ற வடிவம் இல்லையா? பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' முன்பு 'ப்ரிட்' என்றிருந்தது. மூன்று என்பதற்கு 'த்ரீ' என்று சொல்லிவிட்டு, மூன்றாவதற்கு 'தேர்ட்' என்கிறோமே, அங்கும் 'ர' நகர்ந்திருக்கிறது. அதை யாரும் கொச்சை என்று சொல்வதில்லை.

சொற்களின் எல்லையே மாறியதுண்டா?

உண்டு. மேலங்கியைக் குறிக்கும் 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. 'அ நேப்ரன்' என்று சேர்த்துச் சொன்னதை 'அன் ஏப்ரன்' என்று காது பிரித்துக்கொண்டது. விரியன் வகைப் பாம்பான 'ஆடர்', விளையாட்டு நடுவரான 'அம்பயர்' இரண்டும் இப்படியே 'ந'வை இழந்தவை. 'அம்பயர்' பிரெஞ்சில் 'இணை இல்லாதவர்' என்ற பொருளில் தொடங்கியது. இரு தரப்புக்கும் சேராமல் தனித்து நிற்கும் மூன்றாமவருக்கு அது பொருத்தமான பெயர்தான். எதிர்த்திசையிலும் நடந்தது: கூடுதல் பெயர் என்ற பொருளில் 'அன் ஈக்நேம்' என்று சொன்னது ஒட்டிப்போய் 'நிக்நேம்' ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' வேறுபாடு இல்லை. அதனால் அது மரியாதை அறியாத மொழி என்கிறார்களே?

உண்மை நேர்மாறானது. 'தவ்' என்பதுதான் 'நீ'. 'யூ' பன்மைக்கு உரியது; பிரெஞ்சுப் பழக்கத்தின் செல்வாக்கில் 13ஆம் நூற்றாண்டு முதல் ஒருவரையே மரியாதையாக விளிக்கவும் அது பயன்பட்டது. நம் 'நீங்கள்' போலவே. மரியாதை வடிவம் மெல்ல மெல்ல எல்லோருக்கும் விரிந்தது. 17ஆம் நூற்றாண்டில் 'தவ்' பொதுப்பேச்சிலிருந்து பெரும்பாலும் விலகியது. ஆக, ஆங்கிலம் கைவிட்டது 'நீங்க'ளை அல்ல, 'நீ'யை. இன்று ஆங்கிலம் பேசுவோர் குழந்தையையும் 'நீங்கள்' என்றே அழைக்கிறார்கள்.

அந்த நூற்றாண்டில் க்வேக்கர் என்ற சமயக் குழுவினர், மனிதர் எல்லோரும் சமம் என்பதால் நீதிபதியாயினும் 'தவ்' என்றே அழைப்போம் என்று உறுதியாக நின்றார்கள். அதற்காகத் துன்பமும் பட்டார்கள். பழைய வழிபாட்டு மொழியில் கடவுளையும் 'தவ்' என்றே அழைத்தார்கள். கேட்கும் இன்றைய காதுக்கு அது உயர்வு மொழியாகத் தோன்றுகிறது. உண்மையில் அது நெருக்கத்தின் மொழி. இறைவனை 'நீ' என்று பாடிய பக்தி மரபில் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குழந்தைகளைக் குறிக்க 'சில்ட்ரன்' என்று ஏன்? வெறும் 'ஸ்' சேர்த்தால் போதாதா?

பழைய பன்மை 'சில்ட்ரு' என்பதுபோல் இருந்தது. அந்த 'ர' பன்மைக்குறி என்பது மறந்துபோனதும் இன்னொரு பன்மை விகுதியான 'என்' சேர்த்தார்கள். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: விகுதிமேல் விகுதி. 'அரசர்' என்பதில் இருக்கும் 'அர்' போதாமல் 'அரசர்கள்' என்கிறோமே, அது.

'நைஸ்' என்றால் முட்டாள் என்று பொருளாமே?

ஒரு காலத்தில். லத்தீனில் 'அறியாத' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் 'மடத்தனமான' என்று பொருள். பிறகு 'நுணுக்கம் பார்க்கும்', அதன்பின் 'நுட்பமான', 18ஆம் நூற்றாண்டில் 'இனிய'. எதிர்த்திசையில் போனது 'சில்லி'. 'அருள்பெற்ற' என்று தொடங்கி, 'கள்ளமற்ற', 'பாவப்பட்ட' என இறங்கி, 'அசட்டு' என்பதில் வந்து நின்றது. நல்ல மணத்தையும் குறித்த 'நாற்றம்' நம்மிடம் என்ன ஆயிற்றோ அதேதான். சிறுமியைக் குறிக்கும் 'கேர்ல்' முன்பு ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் பொது. இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' எந்த உணவுக்கும் பொது. மானைக் குறிக்கும் 'டியர்' எந்த விலங்குக்கும் பொது.

'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டானதா?

இல்லை. புதியது என்ற சொல்லின் பன்மை, அவ்வளவுதான், புதியவை. பகட்டைக் குறிக்கும் 'பாஷ்' என்பதும் கப்பல் பயணச்சீட்டில் அச்சான முதலெழுத்துகள் என்பார்கள். அப்படி ஒரு சீட்டை யாரும் காட்டியதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. 'ரேடார்', 'லேசர்' உண்மையிலேயே அப்படிப் பிறந்தவை. அதற்கு முந்தைய சொல்லுக்கு இத்தகைய விளக்கம் வந்தால் நம்பும் முன் ஆதாரம் கேளுங்கள்.

விதிவிலக்காக நிற்கிறது 'ஓகே'. 1830களில் பாஸ்டன் நாளிதழ்களில் எழுத்துப்பிழையோடு சுருக்கங்கள் போடுவது ஒரு வேடிக்கைப் பழக்கமாக இருந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓ', 'கே' என்ற எழுத்துகளில் தொடங்கும்படி வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்கியது 'ஓகே'. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சானது. அந்தக் காலத்துச் சுருக்கங்களில் மற்றவை பெரும்பாலும் மடிந்தன. இது பிழைத்ததற்கு அடுத்த ஆண்டு நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் கைகொடுத்தது: வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரன் பிறந்த கிண்டர்ஹுக் என்ற ஊரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று அவரை ஆதரவாளர்கள் அழைத்தார்கள், அதற்கும் அதே இரண்டு எழுத்துகள். இவற்றையெல்லாம் பழைய இதழ்களில் தேடி நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர்.

'ஒன்', 'எய்ட்', 'கேஷ்' எல்லாம் தமிழிலிருந்து போனவையா?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. தமிழ் மீதுள்ள அன்பினால் கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

'எய்ட்' என்பதற்கு உறவினர்கள் இருக்கிறார்கள்: ஜெர்மன் 'ஆக்ட்', லத்தீன் 'ஆக்டோ', சமஸ்கிருத 'அஷ்ட'. எல்லாவற்றிலும் நடுவே ஒரு மெய் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது பின்னால் கரைந்தது. நம் 'எட்டு'க்கும் உறவினர்கள் இருக்கிறார்கள்: கன்னடத்தில் 'எண்டு', தமிழிலேயே 'எண்பது', 'எண்ணூறு'. வேர் 'எண்' என்பது தெளிவு. பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன, உறவிருந்தால் நெருங்கியிருக்கும். 'ஒன்' என்பதும் அப்படியே. தொடக்கத்தில் அது 'ஆன்'; லத்தீனில் 'ஊனுஸ்', ஜெர்மனில் 'ஐன்'. தொடக்கத்து 'வ' ஒலி பிற்காலத்தில் ஏறியது. 'ஓன்லி', 'அலோன்' என்ற சொற்களில் அந்த 'வ' இல்லாத பழைய உச்சரிப்பின் சாயல் இன்றும் இருக்கிறது.

'கேஷ்' பற்றிய உண்மை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சு, இத்தாலிய வழியில் வந்தது. மூலப்பொருள் பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். இன்னொரு 'கேஷ்' ஆசியாவின் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பிய வணிகர்கள் வைத்த பெயர். நடுவில் ஓட்டையிட்ட சீன நாணயத்தையும் அப்படியே அழைத்தார்கள். அந்தச் சொல் போர்த்துகீசியம் வழியாக நம் 'காசி'லிருந்து போனது. ஆக, தமிழ் சீன நாணயத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது.

உறுதியாகத் தமிழிலிருந்து போனவை: 'கட்டுமரம்' தந்த 'கேட்டமரான்', 'சுருட்டு' தந்த 'ஷெரூட்', 'குருந்தம்' தந்த கனிமப் பெயரான 'கொரண்டம்'. மாங்காயும் தேக்கும் கயிறும் வெற்றிலையும் தமிழ், மலையாளக் கரையிலிருந்து பெரும்பாலும் போர்த்துகீசியரின் வழியே ஆங்கிலத்துக்குச் சென்றன. 'கேட்டமரான்' இன்று இரண்டு உடல்கள் கொண்ட நவீனப் படகைக் குறிக்கிறது; கட்டிய மரம் எதுவும் அதில் இல்லை. உண்மையான பட்டியலே இவ்வளவு அழகாக இருக்கும்போது பொய்யானதற்கு என்ன தேவை?

'பறையா' என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பறையர் என்ற மக்களின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுப்பொருளில் ஆங்கிலம் வழங்குகிறது. செய்திகளில் நாடுகளைப் பற்றிக்கூட அப்படி எழுதுகிறார்கள். ஒரு சமூகத்தின் பெயர் வசையாக்கப்பட்டிருப்பது தெரிந்த பிறகு அதைத் தொடர நியாயம் இல்லை. ஒதுக்கப்பட்டவரைச் சொல்ல ஆங்கிலத்திலேயே 'அவுட்காஸ்ட்' இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆங்கிலம் மூலம், அமெரிக்க ஆங்கிலம் திரிபு. சரியா?

சரியல்ல. இலையுதிர்காலத்துக்கு அமெரிக்கர் சொல்லும் 'ஃபால்' இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. 'சாக்கர்' இங்கிலாந்து மாணவர்கள் உண்டாக்கிய சொல்; 'அசோசியேஷன்' என்பதன் நடுவிலிருந்து கிள்ளி எடுத்தது. அலுமினியத்துக்கு இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1812இல் எழுதியது 'அலுமினம்' என்ற வடிவம். மற்றத் தனிமங்களின் பெயரோடு ஒத்துப்போக 'அலுமினியம்' நல்லது என்று பிறர் முன்மொழிந்தார்கள். சொல்லின் இறுதி 'ர்' ஒலியைப் பெரும்பாலான அமெரிக்கர் காப்பாற்றியிருக்கிறார்கள், இங்கிலாந்தின் பெரும்பகுதி கைவிட்டது. அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டர் தம் 1828 அகராதியில் 'கலர்' போன்ற சொற்களில் 'யு'வை நீக்கியது உண்மையான மாற்றம்தான். எழுதும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள், கலப்பதுதான் உறுத்தும்.

மிக நீளமான ஆங்கிலச் சொல் எது?

பெரிய அகராதிகளில் 45 எழுத்துகளோடு 'நிமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோப்பிக்-சிலிக்கோ-வால்கனோ-கோனியோசிஸ்' இருக்கிறது. நுண்ணிய சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய். ஆனால் மருத்துவர்கள் சொல்வது 'சிலிக்கோசிஸ்'. நீளமான சொல் வேண்டும் என்பதற்காகவே 1935இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவர் உண்டாக்கியது அது.

அகராதியில் இருந்தால் அது உண்மையான சொல் என்று நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது; பொருள், அடர்த்தி. உண்மையில் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' அடர்த்தியின் சுருக்கக்குறி என்று அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். 'அல்லது' என்பதற்கான 'ஆர்' நடுவில் ஒட்டிக்கொண்டு எல்லாம் ஒரே சொல்லாகிவிட்டது. பல கைகளைக் கடந்து அது அச்சேறியது. 1939இல் ஒரு பதிப்பாசிரியர் அகராதியைப் புரட்டும்போது அந்தப் பதிவில் மட்டும் சொற்பிறப்புக் குறிப்பு இல்லாததைக் கவனித்தார். கோப்புகளைத் தோண்டிப் பழைய துண்டுச்சீட்டைக் கண்டெடுத்தார்கள். பின்வந்த அச்சுகளில் 'டோர்ட்' நீக்கப்பட்டது.